பதினோரு சுற்று டேப்

போன வாரம் ஸ்பானரை ரொம்பக் கொடுமைக்காரராகக் காட்டிவிட்டேன் என்று நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறீர்கள். நான் என்ன செய்ய? அந்த மனுஷன் நடந்துகொண்டதைத்தான் எழுதினேன். பன்னிரண்டு நாளாக ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மருமகளிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: ஸ்பானர் என்பது தெரு வைத்த பெயர். நாற்பது வருஷமாகக் குழாய் வேலை. அவருடைய மருமகள் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் வாயில் 'லேப் அக்கா'. அவள் கணவன் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன், கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம். மாமியார் இல்லாத வீட்டில் மூன்றாவது ஆள் நாத்தனார். பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை. கடையில் எல்லோரும் 'கத்திரி' என்பார்கள். கையில் இருப்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை, வாயில் இருப்பதற்கும் சேர்த்துத்தான்.

சண்டைக்குக் காரணம் ஒரு மஞ்சள் பென்சில்.

பென்சில் வடிவத்தில் ஒரு ராக்கெட். அட்டைப் பெட்டியில் போட்டுக் கடையில் விற்கிற சாமான்தான். மஞ்சள் அட்டைக் குழல், சீவின நுனி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூக்கு, மூன்று மர இறக்கைகள், பிளாஸ்டிக் தாளில் ஒரு பாராசூட், விரல் நீளத்தில் மருந்து அடைத்த இரண்டு மோட்டார், நிறுத்திவைக்க ஒரு கம்பி. பேட்டரிப் பொத்தானை அமுக்கினால் கிளம்பும். 'ஒரே மாலையில் செய்து முடிக்கலாம்' என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. பெட்டி செய்தவனுக்கு மாமனார் இல்லை போலிருக்கிறது. லேப் அக்காவுக்கு ஒன்பது மாலை ஆயிற்று. பசை காய்வதற்குள் சாப்பாட்டு மேசையைக் காலி செய்யச் சொல்லி மின்விசிறிக்கு உத்தரவு வந்துவிடும்.

அந்தப் பென்சிலை நம்பித்தான் அவள் பிழைப்பு இருந்தது. அறிவியல் ஆசிரியை வேலையை விட்டுப் போய் ஏழு மாதம். இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்த அறிவியல் மன்றத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தது குடுவை கழுவுகிற இவள்தான். படித்த பட்டம் இருக்கிறது, பதவி இல்லை. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை நிர்வாகக் குழு வருகிறது. அவர்கள் கண் முன்னால் இது ஏற வேண்டும், முழுசாகத் திரும்பி வர வேண்டும். வந்தால் செய்முறை ஆசிரியை வேலைக்கு இவள் பேரை எழுதுவார். வராவிட்டால் மன்றத்துக்கு மூடுவிழா, ஆய்வகத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிக்கொள்ளலாம், இவள் மறுபடி குடுவைகளோடு மல்லுக்கட்டலாம்.

ஸ்பானருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாலிப வயதில் ஒரு துணி ஆலையில் கொதிகலன் ஜாயின்ட் பிய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சிநேகிதனின் முகம் வெந்துபோனதைப் பார்த்தவர் அவர். அழுத்தம் இருக்கிற எந்தச் சாமானும் அவருக்கு எதிரி. அதனால்தான் வெடிக்கிறது எதுவும் என் வீட்டுக்குள் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். "அப்ப வாசல்ல உக்காந்து செய்யறேன் மாமா. ஆனா செய்வேன்" என்றாள் மருமகள். அன்றைக்கு மூடிய வாய்தான் அவருக்கு. வாசலில் காற்றடிக்கிறது என்று மறுநாளே அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழரை மணி. லேப் அக்கா குளியலறையில். கத்திரி தன் ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று சோபா மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேசைமேல் திறந்த பெட்டிக்குள் பென்சில் படுத்திருந்தது. ஸ்பானர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் தூக்கினார்.

மூக்கைப் பிடித்துத் தூக்கினார். மூக்கு மட்டும் கையோடு வந்தது. குழல் நழுவிப் பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

இதென்ன ஜாயின்ட்டு, கை பட்டாலே கழன்றுகொள்கிறது? உள்ளே நெருப்பு எரிகிற குழலுக்கு இப்படி ஒரு மூடியா? இந்தப் பெண் இதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கப் போகிறாளே என்று நினைத்தபோது, அந்தப் பழைய சிநேகிதனின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

சொல்லலாம். ஆனால் சொல்வதென்றால் பேச வேண்டும். பேசுவதென்றால் தோற்க வேண்டும். பன்னிரண்டு நாள் வைராக்கியத்தைக் குளியலறைக் கதவுக்கு முன்னால் போட்டு உடைக்க அவருக்கு மனசு வரவில்லை. வேலைப் பையைத் திறந்தார். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து, மூக்கின் கழுத்தில் இழுத்து இழுத்துப் பதினோரு சுற்றுச் சுற்றி, குழலில் செருகி, ஒரு திருகு திருகினார். இனிமேல் அது ஒழுகாது. நாற்பது வருஷத்தில் அவர் போட்ட ஒரு ஜாயின்ட்டும் ஒழுகியதில்லை.

திருப்தியோடு பெட்டியை மூடினார்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டும். அந்த மூக்கு லூசாக இருக்க வேண்டியதுதான். ராக்கெட் உச்சிக்குப் போனதும் மோட்டார் முன்பக்கமாக ஒரு சின்ன வெடி வெடிக்கும். அந்த வேகத்தில் மூக்கு கழன்று பாராசூட் வெளியே வரும். மூக்கைப் பிடித்து ஒரு உதறு உதறினால் குழல் விழ வேண்டும், அதுதான் சோதனை. முந்தின நாள் மாலை லேப் அக்கா உதறிப் பார்த்து, 'மூக்கு, சரி' என்று தன் தாளில் டிக் போட்டிருந்தாள். காலையில் ஒருமுறை உதறியிருக்கலாம். டிக் போட்டதை யார் மறுபடி பார்ப்பார்கள்? நீங்களும் பார்க்க மாட்டீர்கள், நானும் பார்க்க மாட்டேன்.

பத்து மணிக்குப் பள்ளி மைதானம் தயார். முப்பது தப்படி தள்ளிக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பிள்ளைகள். நிழலில் ஐந்து நாற்காலிகளில் நிர்வாகக் குழு. தலைவர் ஒரு மரக்கடை முதலாளி. தலைமையாசிரியை நிகழ்ச்சிப் பதிவேட்டோடு நின்றார். நாள், நேரம், நிகழ்ச்சி எல்லாம் எழுதியாகிவிட்டது. 'பொறுப்பாசிரியர் கையொப்பம்' என்ற கட்டம் மட்டும் காலி. அங்கே யார் போடுவது என்று லேப் அக்கா கேட்டதற்கு, முதலில் ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

கத்திரி கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அண்ணிக்குத் துணையாக நின்றாள். வேலிக்கு வெளியே, சாலையோரம், வேலைப் பையோடு இன்னொருவரும் நின்றார். பக்கத்துத் தெருவில் ஒரு குழாய் ரிப்பேர், போகிற வழியில் நின்றாராம். பக்கத்துத் தெருவில் அன்றைக்கு ஒரு குழாயும் ரிப்பேர் ஆகவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளைகள் ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். லேப் அக்கா பொத்தானை அமுக்கினாள்.

புஸ்ஸென்று ஒரு சீறல். மஞ்சள் பென்சில் கம்பியை விட்டுக் கிளம்பி, பள்ளியின் மூன்று மாடியையும் தாண்டி, பார்த்தவர்கள் கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் போட்ட கூச்சலில் வேலிக்கு வெளியே இருந்தவரும் தன்னை மறந்து கை தட்டினார்.

மேலே 'டப்' என்று ஒரு சத்தம். மூக்கு அசையவில்லை. வெடிக்கு ஒரு வழி வேண்டுமே, அது பின்பக்கமாக மோட்டாரைத் துப்பியது. பென்சில் தலைகீழாகத் திரும்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நேராக வந்து நீளம் தாண்டும் மணல் குழியில் குத்தி நின்றது.

யாருக்கும் அடி இல்லை.

லேப் அக்கா நடந்துபோய் அதைப் பிடுங்கினாள். குழலின் முன்பக்கம் நாலு விரல் அளவுக்கு நசுங்கியிருந்தது. மூக்கை இழுத்தாள், வரவில்லை. திருகி இழுத்தாள். வெள்ளை டேப் சுருள் சுருளாகப் பிரிந்து வந்தது.

அந்த டேப் அவர்கள் வீட்டில் சமையலறைக் குழாய், மோட்டார் குழாய், குளியலறைக் குழாய் எல்லாவற்றிலும் இருக்கிறது. சுற்றின கையை அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். ஸ்பானரும் அந்த டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

தலைமையாசிரியை பதிவேட்டை மூடினார். அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் இந்த மாதிரி நடக்காது என்று குழுவைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகளை வகுப்புக்குப் போகச் சொன்னார். மரக்கடை முதலாளி நல்ல மனுஷன்தான், சூட்டைக் குறைப்பதற்காக ஒரு சிரிப்புச் சிரித்து, "பென்சில்தானேம்மா, முனை உடைஞ்சா சீவிக்கலாம்" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். இவளுக்குக் கோபம் வந்தது. டேப் மேல் கோபம், வேலிக்கு வெளியே நின்றவர் மேல் கோபம், காலையில் ஒரு உதறு உதறாத தன் மேல் அதைவிடக் கோபம். எல்லாம் சேர்ந்து முதுகை நிமிர்த்திவிட்டது.

"சீவிக்கறேன் சார். பெட்டியில இன்னொரு மோட்டார் இருக்கு. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, இருபது நிமிஷத்துல மறுபடி ஏத்தறேன்."

"யாரைக் கேட்டு?" என்றார் தலைமையாசிரியை.

"ஏத்தினது நான் மேடம். கிளம்பறதுக்கு முன்னாடி மூக்கைப் பாக்காம விட்டதும் நான்தான். தப்புக்கு நான் பொறுப்புன்னா, சரி பண்றதுக்கும் நான்தான் பொறுப்பு. நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலிப் பக்கம் விரலை நீட்டவும் இல்லை. பிள்ளைகளில் ஒருத்திகூட வகுப்புக்குக் கிளம்பவில்லை. அவர்களை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

அப்போது மைதானத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு, குழுவின் நாற்காலிகளுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"டேப் சுத்தினது நான். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. மூடி லூசா இருக்குன்னு நெனச்சி இறுக்கிட்டேன். நான் குழாய்க்காரன், எனக்கு இறுக்கத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்ன செய்யணும், சொல்லும்மா."

மரக்கடை முதலாளி மற்ற நாலு பேரையும் டீக்கு எழுப்பிக்கொண்டு போனார். இருபது நிமிஷத்தில் ஒன்று போய்விட்டது. லேப் அக்கா நசுங்கின இடத்தைக் காட்டி, இதுவரைக்கும் நேராக வெட்ட வேண்டும், பிசிறு இருக்கக் கூடாது என்றாள். ஸ்பானர் குழாய் வெட்டுகிற கருவியை எடுத்து, குழலைச் சுற்றி மூன்று முறை உருட்டினார். அட்டை வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. பென்சில் நாலு விரல் குட்டையாயிற்று.

வெட்டின துண்டோடு பாராசூட் கயிற்றின் பிடிப்பும் போய்விட்டது. உள்ளே புதிதாக ஒட்ட வேண்டும், சாதாரணப் பசை காய ஒரு மணி நேரம் ஆகும். கத்திரி தன் கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, கொண்டை ஊசி, பாதி பிஸ்கட், அவற்றுக்கு நடுவில் செயற்கை நகம் ஒட்டுகிற பசை.

"பத்து எண்றதுக்குள்ள புடிச்சுக்கும் அண்ணி. போன மாசம் என் விரலே ஒட்டிக்கிச்சு, ஒரு கஸ்டமர் தலையோட வீட்டுக்குப் போயிருப்பேன்."

குட்டையானதில் ஒரு சிக்கல் இருந்தது. முன்பக்கக் கனம் குறைந்தால் ராக்கெட் நேராகப் போகாது, காற்றில் குட்டிக்கரணம் போடும். லேப் அக்கா விளக்கி முடிப்பதற்குள் ஸ்பானர் புரிந்துகொண்டார். குழாய் ஓட்டையை அடைக்கிற மக்கை எடுத்துப் பிசைந்து, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நெல்லிக்காய் அளவு என்றாள். மூக்கின் பொந்துக்குள் வைத்து அமுக்கினார். அவள் குழலைத் தராசு மாதிரி நூலில் கட்டி, தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்றிப் பார்த்தாள். பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். மூக்கு போகிற திசையைப் பார்த்தபடியே சுற்றியது.

கடைசியாக மோட்டார். அதைப் பிடித்திருந்த கொக்கி முதல் வெடியில் வளைந்துவிட்டது. மோட்டார் லொடலொடவென்று ஆடியது. ஸ்பானர் கை தன்னால் பைக்குள் போயிற்று, பாதியில் நின்றது. டேப்பைத் தொடவே பயந்துவிட்டார்.

"இங்க சுத்துங்க மாமா" என்றாள். "இது இறுக்கமாத்தான் இருக்கணும். வெள்ளை வேணாம், வழுக்கும். ஒயருக்குச் சுத்தற கறுப்பு டேப்."

"மேல லூசு, கீழ டைட்டு."

"அவ்வளவுதான்."

குழு டீ குடித்துவிட்டு வந்தபோது ராக்கெட் கம்பியில் நின்றது. இந்த முறை லேப் அக்கா தாளைப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து ராக்கெட்டைக் கழற்றி, மூக்கைப் பிடித்து, எல்லோரும் பார்க்க ஒரு உதறு உதறினாள். குழல் கழன்று மறு கையில் விழுந்தது. திரும்பப் பூட்டி வைத்துவிட்டுக் கயிற்றுக்குப் பின்னால் வந்தாள். தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

குட்டைப் பென்சில் சீறிக்கொண்டு ஏறியது. போன தடவை அளவுக்கு உயரம் இல்லை. ஆனால் கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. உச்சியில் ஒரு கணம் தயங்கியது.

'டப்.'

மூக்கு கழன்றது. சிவப்பும் வெள்ளையுமாகப் பாராசூட் விரிந்தது.

காற்று அதை மைதானத்தின் அந்தக் கோடிக்கு மெல்லத் தள்ளியது. ஸ்பானருக்கு நிலைகொள்ளவில்லை. அறுபத்து மூன்று வயதில் கயிற்றைத் தாண்டி, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அதன் கீழே ஓடினார். தரையில் பட்டால் உடைந்துவிடும் என்று பயம்.

"மாமா, பிடிக்காதீங்க. கையை எடுங்க. அது தானா இறங்கும்."

அந்த வீட்டில் யாரும் அவருக்கு இந்தக் குரலில் உத்தரவு போட்டதில்லை. ஸ்பானர் நின்றார். ஏந்தின கையை இறக்கினார். ராக்கெட் அவருக்கு இரண்டடி தள்ளிப் புல்லில் வந்து படுத்தது. குனிந்து ஒவ்வோர் இறக்கையாகத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் இருந்தன.

பிள்ளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். மரக்கடை முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார். லேப் அக்கா ஓடவில்லை. தலைமையாசிரியையிடம் போய்ப் பதிவேட்டைக் கேட்டாள். என்ன ஏதென்று யோசிக்காமல் அவரும் கொடுத்துவிட்டார்.

அவள் முதல் முறை விழுந்ததையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'கிளம்பும் முன் சோதிக்கவில்லை' என்று எழுதினாள். அடுத்த வரியில் இரண்டாம் முறை, முழுசாகத் திரும்பியது. பிறகு அந்தக் காலிக் கட்டத்தில், பொறுப்பாசிரியர் கையொப்பம் என்று அச்சடித்திருந்த இடத்தில், பட்டப்படிப்புச் சான்றிதழில் போட்ட அதே கையெழுத்தை அழுத்திப் போட்டாள்.

தலைமையாசிரியை அதைப் பார்த்தார். இவளையும் பார்த்தார்.

"நீ ஆசிரியை இல்ல. இந்தக் கையெழுத்து செல்லாது, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். செல்ல வைங்க."

தலைமையாசிரியை பதிவேட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, குழுவைக் கூட்டிக்கொண்டு அலுவலக அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கத்திரி ஒட்டிக்கொண்ட இரண்டு விரலைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். ஸ்பானர் மடியில் குட்டைப் பென்சில். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிடாதே, நாளைக்கே வீட்டு மேசையைக் காலி பண்ணித் தருகிறேன், அடுத்ததை அங்கேயே செய் என்று அவர் மருமகளிடம் சொன்னார். மின்விசிறி அங்கேயும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உள்ளே மரக்கடை முதலாளியின் குரல் உயர்ந்தது. அதைவிட உயரமாகத் தலைமையாசிரியையின் குரல் கேட்டது. யாருக்காக யார் சண்டை போடுகிறார்கள் என்று இவர்களுக்குப் புரியவில்லை.

லேப் அக்கா எழுந்து நின்றாள். கூப்பிட்டால் போகலாம் என்று கத்திரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னைப் பத்திப் பேசறாங்க. நான் இல்லாம எதுக்குப் பேசணும்?"

கதவைத் தட்டினாள். பதிலுக்குக் காத்திருக்காமல் தள்ளித் திறந்தாள்.